கப்பல் பாடத்துக்கு ஆறு பேர்

விருப்பப் பாடம் என்று அதற்குப் பெயர் வைத்தவன் ஒருநாள்கூடப் பதிவு மேசையில் உட்கார்ந்திருக்க மாட்டான். நான் உட்கார்ந்தேன். மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் மாலைநேர வணிகக் கல்லூரி. சீமையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் வணிக மேல்பட்டத்துக்கு அங்கே ஆள் தயார் செய்தோம். சேருகிறவர் ஏற்கெனவே பட்டதாரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறி, ஏதாவது ஆபீஸில் பல வருஷம் குப்பை கொட்டியிருக்க வேண்டும். கட்டாயப் பாடங்களைப் பற்றி யாரும் என்னிடம் வாயைத் திறந்ததில்லை. விருப்பப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும் என்று சொன்னதும்தான் மாமனார், பெரியப்பா, ஜோசியர் எல்லோரும் படியேறி வந்தார்கள்.

சுதந்திரத்துக்கு நாள் குறித்துவிட்ட சமயம் அது. துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரில் ஒரே பேச்சு: எந்த ஆபீஸில் எந்த நாற்காலி எப்போது காலியாகும்? இந்தப் பட்டம் இருந்தால் அதில் உட்காரலாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வந்து குவிந்தார்கள்.

உங்களில் யாராவது இந்த மாதிரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைத்திருந்தால் நான் சொல்வது புரியும். பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள். எங்கள் முதல்வர் ஒரு விதி வைத்திருந்தார். ஒரு விருப்பப் பாடத்துக்கு ஆறு பேர் சேர்ந்தால்தான் வகுப்பு. குறைந்தால் அந்தப் பாடத்தை அடித்துவிட்டு, சேர்ந்தவர்களை வேறு பாடத்துக்குத் தள்ள வேண்டும். தள்ளுகிற வேலை எனக்கு.

நாற்காலி

ராஜமணி தெங்கேராவிலிருந்து சைக்கிளில் வந்தார். கடற்கரைப் பக்கம் கித்தா, அதாவது ரப்பர், ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தா. வயது நாற்பத்து மூன்று. நாற்பத்தைந்து தாண்டினால் அந்தக் கம்பெனியில் மேலே ஏற முடியாது. அவருடைய ஆபீஸில் கப்பல் பிரிவைப் பார்க்கிற துரை அடுத்த வருஷம் ஊருக்குப் போகிறார். அந்த இடத்துக்கு உள்ளூர் ஆளைப் போடப்போகிறார்கள். கம்பெனிக்கு வெளியே இருப்பவனும் மனுப் போடலாம். ஆனால் கப்பல் வணிகம் என்ற பாடத்தில் தேறியிருக்க வேண்டும்.

சம்பளத்தைப் பற்றி ராஜமணி பேசவே இல்லை. அந்த நாற்காலியில் உட்காருகிறவரை ஆபீஸில் 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிடுவார்களாம். இவரை இருபது வருஷமாக 'கிராணி' என்று மட்டும் கூப்பிட்டார்கள். பெயரே மறந்துபோயிருக்கும் என்றார். நான் விதியைச் சொன்னேன். கப்பல் வணிகத்தை இதுவரை ஒருவரும் எடுத்ததில்லை, ஆள் சேராது, வீணாக அலையாதீர்கள் என்றும் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. பேனாவைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

"என் பேரை முதல்ல எழுதுங்க சார். பாக்கி அஞ்சு பேர்தானே, நான் கூட்டிட்டு வரேன்."

மூன்று மருமகன்கள்

ஜவுளிக்கடை ராவுத்தருக்கு மூன்று பெண்கள். மூன்று மாப்பிள்ளைகளையும் பி.ஏ. படித்தவர்களாகப் பார்த்து எடுத்திருந்தார். படிக்கப்போவது அவர்கள். பாடம் தேர்ந்தெடுக்க வந்தது அவர். பதிவு நாட்களில் மாடிப் பெஞ்சிலேயே குடியிருந்த ராஜமணி, ராவுத்தர் உட்கார நகர்ந்து இடம் கொடுத்தார்.

ராவுத்தர் என்னைத் துணிக்கடைப் பையனாக்கிவிட்டார். அதை எடு, இதைப் பிரி என்று ஒவ்வொரு பாடமாக விளக்கச் சொன்னார். மருமகன்கள் வரிசையாகப் பின்னால் நின்றார்கள். மூத்தவருக்குக் கம்பெனிச் சட்டம், அடுத்தவருக்குச் செலவுக் கணக்கு என்று முடிந்தது. கடைசி மருமகன் கபீருக்கும் கம்பெனிச் சட்டத்தில்தான் ஆசை. வாயைத் திறந்து சொல்லியும்விட்டார். ராவுத்தர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இடைவெளியில் ராஜமணி நுழைந்தார். உங்கள் கடைத் துணியெல்லாம் நடந்தா வருகிறது பாய், கப்பலில்தானே வருகிறது என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார். தன் ஆபீஸ் நாற்காலி காலியாகப் போவதையும் சேர்த்தே சொன்னார். ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். கபீர் கப்பலுக்குப் போனார்.

மூவருக்கும் ஒரே பாடம் கொடுத்தால் வீட்டில் உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாமே என்று கேட்டேன். எனக்கு அது தேவையா?

"மூணு பேரும் ஒண்ணையே படிச்சிட்டு வந்து ஒண்ணையே பேசுவாங்க கிராணியாரே. அதுக்கு ஒரு மருமகனோட நிறுத்தியிருப்பேனே."

பெரியப்பாவுக்குத் தெரியாதது

சிதம்பரம் செட்டிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை. சென்னையில் பி.காம். முடித்துவிட்டு இங்கே பெரியப்பாவின் கிட்டங்கியில் கணக்குப் பார்த்தவர். கிட்டங்கி என்றால் செட்டியார்கள் வட்டிக் கடை நடத்துகிற இடம். நான் கேட்காமலே வங்கியியல் என்று எழுதிவிட்டேன். அந்தக் குடும்பத்திலிருந்து வருகிறவருக்கு வேறு என்ன எழுதுவது? அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். வேறு எதுவாக இருந்தாலும் சரி, இது மட்டும் வேண்டாம் என்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

ராஜமணி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனார். ஜன்னல் பக்கம் நின்று பேசினார்கள். கடல், சரக்கு, காலியாகப் போகும் நாற்காலி எல்லாம் என் காதிலும் விழுந்தது. ஆனால் சிதம்பரம் திரும்பி வந்தபோது அவருக்கு நாற்காலியும் பெரிதாகப் படவில்லை, கடலும் பெரிதாகப் படவில்லை என்று தெரிந்தது. கப்பல் வணிகம் என்று எழுதச் சொன்னார். காரணம் கேட்டேன்.

"பேங்கிங் எடுத்தா பெரியப்பா சோத்துக்கு முன்னால உக்கார வச்சுப் பரீட்சை வைப்பாக. கப்பலைப் பத்தி அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது சார்."

பாதிப் புத்தகம்

பத்து பெரெண்டாம் என்கிற ஊரிலிருந்து இரண்டு வாத்தியார்கள் வருவார்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே சைக்கிள். ஒருவர் மிதிப்பார், ஒருவர் பின்னால் உட்காருவார். திரும்பும்போது மாற்றிக்கொள்வார்கள். புத்தகமும் ஒன்றே வாங்கிப் படிப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். அதனால் பாடமும் ஒன்றாக இருக்க வேண்டும். அவர்கள் பாடம் தேர்ந்தெடுத்த முறையைக் கேட்டால் உங்களுக்கும் தலை வலிக்கும். எல்லாப் பாடப் புத்தகங்களையும் மேசையில் அடுக்கச் சொன்னார்கள். எது ஒல்லியோ அது.

கப்பல் வணிகப் புத்தகம் எங்களிடம் இல்லை. யாரும் எடுக்காத பாடத்துக்குப் புத்தகம் எதற்கு வாங்குவது? ராஜமணி தன்னுடையதைப் பையிலிருந்து எடுத்து அடுக்கில் வைத்தார். எல்லாவற்றையும்விட ஒல்லி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தப் புத்தகம் பழசு. படித்துப் படித்து நடுவில் பிளந்துபோய், ராஜமணி அதை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாகக் கட்டி வைத்திருந்தார். பின்பாதி தெங்கேராவில் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவர்கள் கேட்கவில்லை. முன்பாதியையே இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். வகுப்பு தொடங்கி மூன்றாவது மாதம் வாத்தியார்கள் இருவரும் என் மேசை முன்னால் வந்து நின்றார்கள். பாடம் நடத்துகிறவர் ஏதோ பக்கத்தைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் இவர்களிடம் இல்லை.

"சார், எங்க புஸ்தகம் கப்பல் கரைக்கு வர்றதுக்கு முன்னாலேயே முடிஞ்சிபோச்சு."

செவ்வாய்க்கிழமை

அவசரப்பட்டு மூன்றாவது மாதத்துக்குப் போய்விட்டேன். பதிவு முடிகிற நாளில் கணக்கு இப்படி இருந்தது: ராஜமணி, கபீர், சிதம்பரம், இரண்டு வாத்தியார்கள். ஐந்து பேர். மாலை ஐந்து மணிக்குப் பதிவை மூடிவிட்டுக் கப்பல் பாடத்தை அடிக்க வேண்டும். ராஜமணி காலையிலேயே லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடப் போகவில்லை. மதியத்துக்குமேல் பேச்சும் நின்றுவிட்டது. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாலரைக்கு நடராஜா வந்தார். இங்கேயே பின்னால் இருக்கிற மலாக்காச் செட்டிகளின் கம்பத்துக்காரர். கம்பம் என்றால் குடியிருப்பு. நெற்றி நிறைய விபூதி, அம்மன் கோயில் திருவிழா என்றால் முதல் ஆளாக நிற்பார், வாயைத் திறந்தால் மலாய். அந்த மக்கள் நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வந்தவர்கள். தமிழில் கோயிலும் சில சொற்களும்தான் மிச்சம். நடராஜா அரசாங்க ஆபீஸில் கிராணி. மாலைகளில் பாட்டுக் குழுவில் வயலின் வாசிப்பவர். எந்தப் பாடம் என்று கேட்டேன். எந்தப் பாடமானாலும் சரி என்று மலாயில் சொன்னார். திங்கள் ஒத்திகை, புதன் ஒத்திகை, வெள்ளி கோயில், மற்ற நாட்களில் கச்சேரிக்கு யாராவது கூப்பிடுவார்கள், செவ்வாய் ஒன்றுதான் ஓய்வு. செவ்வாயில் என்ன பாடம் இருக்கிறது என்று கேட்டார்.

செவ்வாயில் கப்பல். பெஞ்சிலிருந்து ராஜமணி எழுந்து நின்றார். தனக்குத் தெரிந்த கடைவீதி மலாயில் கப்பலின் பெருமையைச் சொல்லத் தொடங்கினார். இலக்கணம் செத்துக் கிடந்தது. நடராஜா பொறுமையாகக் கேட்டார். நாற்காலி காலியாகும் செய்தியையும் ராஜமணி விடவில்லை. நல்ல வேலை, நீங்களும் மனுப் போடுங்கள் என்று வேறு சொன்னார். அதைக் கேட்டு நான்தான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். நடராஜா என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"செலாசா ஒண்ணுதான் ஃப்ரீ, போலே லா. கப்பலும் போலே லா."

செலாசா என்றால் செவ்வாய். போலே லா என்றால் ஆகட்டும். கப்பல் பாடம் நடந்தது.

கனமும் பலனும்

வகுப்பு நடந்த அந்த வருஷம் ராஜமணியைக் கையில் பிடிக்க முடியவில்லை. மற்ற ஐவரும் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்று நினைத்தார். ஆள் குறைந்தால் நடுவிலேயே வகுப்பை மூடிவிடுவோமோ என்ற பயம். வாத்தியார்களுக்குப் பின்பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார். சிதம்பரத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். கபீர் கடையைவிட்டு வர நேரமானால் தானே போய் ராவுத்தரிடம் பேசி அழைத்து வந்தார். எப்போதாவது செவ்வாயிலும் கச்சேரி என்று நடராஜா போய்விட்டால், அன்று நடந்த பாடத்தைக் கம்பத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொருவரையும் உற்சாகப்படுத்த அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது. அந்த நாற்காலி. படியுங்கள், தேறுங்கள், மனுப் போடுங்கள், யாருக்குக் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும் என்பார்.

ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஊரில் இந்தப் பாடத்தில் தேறியவர்கள் உங்கள் ஆறு பேரைத் தவிர யாரும் இருக்கப்போவதில்லை, வேறு எவனும் மனுப் போட முடியாது, வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்காலி தானாக உங்களிடம் வரும், எதற்காக ஐந்து எதிரிகளைச் சம்பளமில்லாமல் வளர்க்கிறீர்கள் என்று கேட்டேன். நல்ல செய்தியை மறைத்து ஆள் சேர்ப்பது பாவம் என்றார். வாத்தியார்களிடம் பாதிப் புத்தகத்தை மறைத்தபோது அந்தப் பாவம் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். 

"நான் மறைச்சது கனத்தைத்தான் சார். பலனை மறைக்கலாமா?"

ஒரே பெஞ்சு

பரீட்சை முடிவு வந்தது. வாத்தியார்கள் இருவரும் சேர்ந்தே தவறினார்கள். மற்ற நால்வரும் தேறினார்கள். அதற்குள் நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது. கப்பல் பிரிவுத் துரையும் புறப்படத் தயாரானார். கம்பெனி அறிவிப்புப் போட்டது. நால்வரும் மனுப் போட்டார்கள். சிதம்பரம்கூட. பெரியப்பாவிடமிருந்து தப்ப அவருக்கு அது ஒரு வழி.

நேர்முகத்தன்று கம்பெனி வாசல் பெஞ்சில் நால்வரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். இருபது வருஷமாக அந்த ஆபீஸில் வேலை பார்க்கிற ராஜமணியும் வெளியே பெஞ்சில். நடராஜா டை கட்டாமல் வந்திருந்தார். ராஜமணி இரண்டு கொண்டுபோயிருந்தார், ஒன்று கசங்கினால் மற்றொன்று என்று. ஒன்றை எடுத்து நடராஜாவின் கழுத்தில் தன் கையாலேயே கட்டிவிட்டார். இதை என்னிடம் சொன்னது ராஜமணியேதான். பெருமையாகச் சொன்னார்.

உள்ளே பாடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. படகுக்காரர்கள், சுங்கக்காரர்கள், புதிதாக வந்திருக்கிற அரசாங்க அதிகாரிகள் எல்லோரிடமும் இனி மலாயில் பேசிச் சரக்கை ஏற்றி அனுப்ப வேண்டும். இதுவரை துரை ஆங்கிலத்தில் அதட்டியே காரியம் நடந்தது. இனி அது நடக்காது என்று கம்பெனிக்குப் புரிந்துவிட்டது. அதனால் ஒவ்வொருவரையும் மலாயில் பேசவிட்டுக் கேட்டார்கள். மூன்று பேர் கடைவீதி மலாயில் தடுமாறினார்கள். நடராஜா தாயோடு பேசுகிற மொழியில் பேசிவிட்டு வந்தார்.

அடுத்த மாதம் நடராஜா என் மேசைக்கு வந்தார். கையில் அவர் வீட்டில் செய்த குவே என்கிற இனிப்புப் பலகாரம் ஒரு தட்டு. முகத்தில் மட்டும் இனிப்பு இல்லை. மனுப் போடச் சொன்னதே ராஜமணிதான், கிடைக்கும் என்று நினைத்துப் போடவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விட்டுக்கொடுக்க முடியுமா என்று கம்பெனியைக் கேட்டிருக்கிறார். நீ விட்டால் அடுத்த ஆளை வெளியூரிலிருந்து எடுப்போம், ராஜமணி இப்போது இருக்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும், அவர் இல்லாவிட்டால் அங்கே வேலை நடக்காது என்றார்களாம். அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"இன்றைக்குக் காலையில் ராஜமணி என்னை மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டார். நான் வேறு கிழமையில் சேர்ந்திருக்கலாம்."

அடுத்த பதிவு

அடுத்த பதிவுக்கு ராஜமணி வந்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. அந்த மாடியின் பக்கமே வராமல் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சைக்கிளில் வந்த வேர்வையோடு வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தார். முன்பு இல்லாத ஒரு மெலிவு கழுத்தில் தெரிந்தது. நடராஜாவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. நன்றாகப் பார்க்கிறார், சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்கிறார் என்றார். நான் மேசை இழுப்பறையைத் திறந்து மூடினேன். வேறு என்ன செய்வது?

பிறகு மெதுவாகச் சொன்னார். கம்பெனியில் இன்னும் ஒரு துரை மிச்சம். காப்புறுதிப் பிரிவு, அதாவது இன்ஷூரன்ஸ். ஒரு வருஷத்தில் போய்விடுவார். ராஜமணிக்கு வயது நாற்பத்து நாலு முடியப்போகிறது. பழைய பட்டத்தோடு ஒரு விருப்பப் பாடத்தை மட்டும் தனியாக எடுத்துத் தேறலாம் என்று விதி இருக்கிறது. அதை எனக்கு முன்னாலேயே படித்து வைத்திருந்தார். காப்புறுதியில் இதுவரை எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவருமில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. 

யாரும் சேர வேண்டாம், நான் ஒருவனே படித்துக்கொள்கிறேன், வகுப்பு வைக்க முடியுமா என்று கேட்டார். முதல்வரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், முடியாது என்றேன். நான் உண்மையிலேயே கேட்டிருந்தேன். அவர் வருவார் என்பதற்காக அல்ல, நேர்முகத்தில் நடந்தது மனசை உறுத்தியதால் முந்தின வாரமே, ஒருவர் சேர்ந்தாலும் வகுப்பு வைக்கலாமா என்று கேட்டேன். விதி விதிதான் என்றார் முதல்வர். ஆறு பேர். ராஜமணி தலையை ஆட்டினார். பெயரை எழுதச் சொன்னார், எழுதினேன். எழுந்து கீழே போனார்.

வேண்டாம், பேசாமல் வீட்டுக்குப் போங்கள் என்று கத்தவேண்டும்போல இருந்தது. ஜன்னலுக்குப் போனேன். கீழே சைக்கிள் கடையில் யாரோ ஒரு ஆபீஸ்காரர் சக்கரத்துக்குக் காற்றடிக்க நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா. ராஜமணி அவர் பக்கத்தில் போய் நின்று தோளில் கை வைத்தார். அவர் குரல் மேல்மாடிவரை தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, காப்புறுதி படிங்க. எங்க ஆபீஸ்ல ஒரு நல்ல நாற்காலி காலியாகப் போவுது."

ஆள் சேராத பாடம் நடக்காது, ஆள் சேர்ந்த பாடத்தில் நாற்காலி மிஞ்சாது, இந்த இரண்டுக்கும் நடுவே மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்து வாங்கியதைத்தான் நான் உத்தியோகம் என்று சொல்லிக்கொண்டு ஓய்வு பெற்றேன்.